மடியில் கனம்

கெலிஓயாச் சந்தியிலிருந்து தவுலகலப் பக்கம் ஏறினால் வீதியின் இருபுறமும் வீட்டுத் தோட்டங்கள். பெயர்தான் தோட்டம், உள்ளே நுழைந்தால் சிறு காடு. மேலே பலாவும் கித்துளும், அதற்குக் கீழே கராம்பும் சாதிக்காயும், பலாவில் தொற்றி ஏறிய மிளகுக் கொடி, நிழலில் கோப்பி. என் தாய்மாமா ஓய்வு நாட்களில் இந்தத் தோட்டங்களில் ஒட்டுக்கட்டப் போவார். தோளில் துணிப்பை, அதற்குள் ஈரச் சாக்கில் சுற்றிய ஒட்டுமுளைகள், பொலித்தீன் நாடா, ஒரு போத்தல் தண்ணீர். கத்தி மட்டும் பையில் இருக்காது. சாரத்து மடியில் இருக்கும்.

அது ஒரு டீனா கத்தி. ஜேர்மனியில் ரொய்ட்லிங்கன் என்ற ஊரில் 1854 முதல் கத்தி செய்து வருபவர்களின் வேலை. மாமா வேலை பார்த்த நாற்றுப் பண்ணைக்குப் பயிற்சி கொடுக்க வந்த ஜேர்மன்காரர் ஒருவர், ஊருக்குத் திரும்பும்போது மாமா கையில் கொடுத்துவிட்டுப் போனது. வால்நட் மரப் பிடி, உள்ளே பித்தளைத் தகடு, மடக்கினால் உள்ளங்கைக்குள் அடங்கும். அலகு கரிம உருக்கு. எவர்சில்வர் போலப் பளபளக்காது, நாளாக நாளாக நீலம் கலந்த சாம்பல் நிறத்துக்குப் போகும். ஒரு பக்கம் முழுத் தட்டை, மறுபக்கம் மட்டும் சரிவு. இப்படி ஒற்றைப் பக்கம் தீட்டிய அலகுதான் குச்சியைச் சீவும்போது வளையாமல் நேராகப் போகும்.

அதன் விலையைக் கேள்விப்பட்ட அக்கம்பக்கத்தார் நம்பவே இல்லை. சந்தையில் நல்ல கத்தி கிடைக்கும்போது இவ்வளவு கொடுத்து ஒன்றை வாங்குவார்களா என்று கேட்டார்கள். "மரம் பொழைக்கணும்ல?" என்பார் மாமா. அதற்கு மேல் விளக்கமாட்டார். விளக்கம் எனக்குப் பிறகுதான் கிடைத்தது, அவர் பக்கத்தில் குந்தியிருந்து நாடா கிழித்துக் கொடுத்த காலத்தில்.

சாதிக்காயில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. விதை போட்டு வளர்த்தால் ஏறக்குறையப் பாதி ஆணாகப் போய்விடும். அது பூக்கும்வரை தெரியாது, பூக்க ஆறேழு வருடம் ஆகும். கால் ஏக்கர் நிலம் வைத்திருக்கும் ஒருவர் ஆறேழு வருடம் தண்ணீரும் பசளையும் போட்டு, கடைசியில் காய்க்காத மரத்தை வெட்டிப் போடுவது சாதாரண இழப்பு அல்ல. ஆகவே நன்றாகக் காய்க்கும் பெண் மரத்திலிருந்து முளை எடுத்து இளங்கன்றில் ஒட்டுகிறோம். முளை எடுப்பதிலும் சங்கடம் உண்டு. பக்கவாட்டில் படரும் கிளையை எடுத்தால் ஒட்டிய கன்றும் படர்ந்தே வளரும், மரமாக உயராது. நேராக மேல்நோக்கி வளரும் தளிர்தான் வேண்டும். அது ஒரு மரத்தில் மிகச் சிலவே கிடைக்கும். அப்படித் தேடி எடுத்த ஒன்றை மழுங்கிய கத்தியால் கெடுக்க யாருக்கு மனம் வரும்?

பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே மாறிழையம் என்ற மெல்லிய உயிர்ப்படலம் இருக்கிறது. ஒட்டுமுளையின் மாறிழையமும் ஒட்டுக்கட்டையின் மாறிழையமும் ஒன்றையொன்று தொட்டால்தான் புதுத் திசு வளர்ந்து இரண்டும் ஒன்றாகும். கூரில்லாத அலகு அந்தப் படலத்தை வெட்டாது, நசுக்கும். நசுங்கிய இடம் பழுப்பேறிச் செத்துப்போகும். வெட்டுமுகம் அலையலையாக இருந்தால் நடுவே காற்று நின்று முளை காய்ந்துபோகும். ஒரே இழுப்பில் சீவ வேண்டும். இரண்டாம் தடவை கத்தி வைத்த முளையை மாமா எறிந்துவிடச் சொல்வார். மூன்று வாரம் கழித்துப் பொலித்தீன் உறைக்குள் எட்டிப் பார்க்கும்போது முளை பச்சையாக நிற்பதும் கறுத்துக் கிடப்பதும் அந்த ஒரு இழுப்பில்தான் தீர்மானமாகிறது. விலை உயர்ந்த கத்தியைப் பற்றி யார் என்னிடம் பேசினாலும் நான் முதலில் நினைப்பது இதைத்தான்.

இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு தீட்டுவார். எண்ணெய்க் கல்லில் சரிவுப் பக்கத்தை மட்டும். பிறகு தட்டைப் பக்கத்தைக் கல்லில் படியவைத்து ஒரே ஒரு தடவை. கடைசியில் பழைய தோல் வாரில் முன்னும் பின்னும். சாணைக்காரர் சைக்கிளோடு வந்தால் வீட்டிலுள்ள அரிவாள், அருவாமணை எல்லாம் வாசலுக்குப் போகும், டீனா போகாது. சுழலும் சக்கரத்தில் மெல்லிய விளிம்பு சூடேறினால் உருக்கின் பதம் போய்விடும், அதன் பிறகு எவ்வளவு தீட்டினாலும் கூர் நிற்காது. வருடத்துக்கு 2000 மில்லிமீற்றருக்கு முன்பின் மழை பெய்கிற ஊரில் கரிம உருக்கைத் துருவேறாமல் வைத்திருப்பதும் தனி வேலை. துடைத்து, ஒரு துளி தேங்காயெண்ணெய் தடவி, பிறகே மடக்குவார். நான் இந்தத் தொழிலுக்கு வந்தபோது அந்தக் கத்தியை என்னிடம் கொடுத்தார். இத்தனை வருடங்களில் அலகு ஒரு நூல் அகலம் தேய்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

1998 ஜனவரி 25ஆம் திகதி கண்டியில் தலதா மாளிகை வாசலில் குண்டு வெடித்தது. அதன் பிறகு கெலிஓயாவிலிருந்து கண்டிக்குப் போகும் பஸ்ஸில் எத்தனை இடத்தில் இறங்க வேண்டும் என்று யாருக்கும் தெரியாது. அடையாள அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு வரிசையில் நிற்போம். அட்டையில் தமிழ்ப் பெயர், இடுப்பில் கத்தி. ஒரு சாவடியில் இளம் சிப்பாய் ஒருவர் கத்தியைத் திறந்து பார்த்து, எதற்கு என்று சிங்களத்தில் கேட்டார். பையைத் திறந்து முளைகளையும் நாடாவையும் காட்டினேன். அவருடைய வீட்டில் மாமரம் இருந்ததாம். கறுத்தக்கொழும்பானை அதில் ஒட்ட முடியுமா என்று கேட்டார். பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டிருக்க, ஒரு குச்சியை ஆப்புப்போலச் சீவிக் காட்டிவிட்டு ஏறினேன். எல்லா நாளும் அப்படி இல்லை. வேறொரு நாள் வேறொரு இடத்தில், அதே கத்திக்காக மாலைவரை ஒரு வாங்கில் உட்கார்த்தி வைத்தார்கள். பையைத் திறந்து காட்டவும் விடவில்லை. எந்தக் குற்றமும் இல்லாமல், எனக்குச் சோறு போடும் கருவியை மேசையில் வைத்து என்னைச் சந்தேகப்பட்ட அந்த மத்தியானம் இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை.

அதன் பிறகு கத்தியைப் பைக்கு அடியில், துணியில் சுற்றி வைக்கத் தொடங்கினேன். மாமா அதைப் பார்த்துவிட்டார். "பைக்குள்ள சுத்தி வச்சா ஒளிச்சு வச்ச மாதிரிதான் தம்பி. மடியில வை. கேட்டா எடுத்துக் காட்டு. நம்ம வேலைக் கத்திக்கு நாம ஏன் பயப்படணும்?" மடியில் கனம் இருந்தால்தான் வழியில் பயம் என்று ஊரெல்லாம் சொல்லும். அவர் மடியில் அந்தக் கனத்தோடுதான் ஆயுள் முழுக்க நிமிர்ந்து நடந்தார். மடக்குக்கத்தி வைத்திருப்பவர்களிடம் நான் கேட்ட அபிப்பிராயங்களில் எனக்கு மிகவும் பெரியது அதுதான்.

அபிப்பிராயங்களுக்குக் குறைவில்லை. கெலிஓயா பஸாரில் பலசரக்குக் கடை வைத்திருந்த நானா ஒருவரிடம் விக்டோரினொக்ஸ் இருந்தது, துபாயில் வேலை செய்து திரும்பும்போது வாங்கியது. சிவப்புப் பிடி, வெள்ளைச் சிலுவை. சுவிட்சர்லாந்தின் ஈபாஹ் கிராமத்தில் கார்ல் எல்ஸனர் 1884இல் பட்டறை திறந்து, 1891இல் அந்நாட்டுச் சிப்பாய்களுக்குக் கத்தி கொடுக்கத் தொடங்கினார். 1897இல் அதிகாரிகளுக்கென்று இன்னொரு அலகும் தக்கைத் திருகியும் சேர்த்து ஒன்றைப் பதிவு செய்தார். இன்றைக்கு உலகம் முழுக்கச் சட்டைப் பையில் கிடப்பது அதன் வாரிசுதான். நானா அந்தத் திருகியால் ஒரு போத்தலையும் திறந்ததில்லை. சாக்குக் கயிற்றின் இறுகிய முடிச்சுக்குள் அதன் நுனியை நுழைத்து ஒரு திருப்புத் திருப்புவார். கயிறு அறாமல் முடிச்சு அவிழும். கயிறும் மிச்சம், சாக்கும் மிச்சம். "அலக விட இதுதான் எனக்கு ஒதவி மகன்" என்பார். அந்த அலகு மிகக் கடினமான உருக்கு அல்ல, கூர் சீக்கிரம் போகும். ஆனால் கடை வாசல்படிக் கல்லிலேயே தீட்டிக்கொள்ளலாம், துருவும் ஏறாது. நாள் முழுக்கப் பெட்டி பிரிக்கும் ஒரு கடைக்காரருக்கு அதைவிடப் பொருத்தமானதை நான் கண்டதில்லை.

தோட்டத்துப் பழைய கிளாக்கரையா ஒருவருக்குப் பாரிசிலிருந்து மகன் ஒப்பினெல் அனுப்பியிருந்தார். சவோய் மலை விவசாயிகளின் கத்தி. மரப்பிடி, பூட்டுவதற்கு ஒரு வளையம், விலையும் பெரிதில்லை. நம் மழையில் பிடி ஊறி அலகைக் கவ்விக்கொள்ளும், நகத்தால் இழுத்துத் திறக்க வராது. பிடியின் அடிப்பக்கத்தைக் கல்லில் ஒரு தட்டுத் தட்டினால் அலகு தலை நீட்டும். சவோய்க்காரர்களும் அப்படித்தான் திறப்பார்களாம். கிளாக்கரையா அதைத் தானாகவே கண்டுபிடித்திருந்தார்.

மூன்றாவது கத்திதான் எங்கள் பக்கத்தில் பெரிய பேச்சானது. பக்கத்து வீட்டுத் தம்பி கண்டியில் கணினி வேலை பார்க்கிறான். ரொறன்ரோவில் இருக்கும் பெரியம்மா மகன் மூலம் கிறிஸ் ரீவ் செய்யும் செபென்சா என்ற கத்தியை வாங்கினான். பிடி முழுக்க டைட்டேனியம். திறந்ததும் பிடியின் ஒரு பகுதியே வளைந்து வந்து அலகின் பின்னால் முட்டுக்கொடுத்துப் பூட்டும். தனியாகப் பூட்டு என்று ஒன்று இல்லை. உருக்கை உருக்கி, வாயுவால் பொடியாகச் சிதறடித்து, அந்தப் பொடியை வெப்பத்திலும் அழுத்தத்திலும் மறுபடி கட்டியாக்கிச் செய்த அலகு. கார்பைடுத் துகள்கள் சீராகப் பரவியிருப்பதால் கூர் நெடுநாள் நிற்கும். கையில் வாங்கித் திறந்து பார்த்தேன். அவ்வளவு செம்மையான வேலையை நான் அதற்கு முன் எந்தக் கருவியிலும் உணர்ந்ததில்லை.

விலை 450 டொலர் அளவில். அவன் வாங்கும்போது டொலர் 200 ரூபா. 2022 மார்ச்சில் ரூபாவை மிதக்கவிட்டார்கள். மே மாதமாகும்போது டொலர் 360ஐத் தாண்டியது. 90,000 ரூபாக் கத்தி இருந்த இடத்திலேயே 1,62,000 ஆகிவிட்டது. 2021இல்தான் தோட்டத்து நாட்சம்பளம் 1000 ரூபாவானது. அவனுடைய அம்மாயி கொழுந்து பறித்தே குடும்பத்தைக் கரையேற்றியவர். கணக்கை அவனே என்னிடம் சொன்னான், குரல் தாழ்த்தி: அம்மாயி மாதிரி ஒருத்தரோட நூத்தி அறுபது நாள் வேலை. அதனால்தான் அதை வெளியே எடுக்கவில்லை. பெட்டிக்குள் ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தோடு வைத்து, இரவில் எடுத்துத் திறந்து மூடிப் பார்ப்பான். கீறல் விழும், தொலைந்துபோகும், பொலிஸ் கேட்கும், அம்மாயிக்கு விலை தெரிந்துவிடும் என்று அவனிடம் பல காரணங்கள் இருந்தன.

எங்கள் ஊர் இருக்கும் இந்த உடுநுவரப் பகுதியில் நல்ல கத்தியை வெளியே தெரிய அணிந்த காலம் ஒன்று இருந்தது. 1660இல் பிடிபட்ட ஆங்கில மாலுமி றொபர்ட் நொக்ஸ் கண்டி இராச்சியத்தில் கைதியாக இருந்த காலத்தின் பிற்பகுதியில், இங்கேதான் எலதெத்த கிராமத்தில் வாழ்ந்தார். 1681இல் வெளியான தன் நூலில் கண்டிப் பிரபுக்களின் உடையை விவரிக்கும்போது, வெள்ளியும் பித்தளையும் பதித்த குறுவாளையும் கூடவே செருகியிருக்கும் கத்தியையும் சொல்கிறார். அதே நொக்ஸ் 1679இல் தப்பி ஓடும்போது தானும் கத்தியும் சிறு கோடரியும் எடுத்துக்கொண்டார், மறைவாகக் கொண்டுபோக முடியும் என்பதற்காக. பிரபுவின் கத்தி எல்லோர் கண்ணிலும் பட்டது. கைதியின் கத்தி துணிக்குள் ஒளிந்திருந்தது.

பிஹா கெத்த என்ற கண்டியக் கத்தியை அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குள் பார்த்திருக்கிறேன். அலகின் மேற்பாதியில் பித்தளையிலோ வெள்ளியிலோ கொடிவேலை, கொம்பிலோ தந்தத்திலோ பிடி. உறைக்குள் கத்தியோடு ஓலை எழுதும் எழுத்தாணிக்கும் இடம் இருந்தது. கனிமவள ஆய்வுக்குப் பொறுப்பாக 1903இல் நியமனம் பெற்ற ஆனந்த குமாரசுவாமி, கல்லைத் தேடி ஊர் ஊராகப் போன கையோடு இந்தக் கம்மாளர்களின் வேலையையும் குறித்துக்கொண்டு, 1908இல் மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிப் பெரும் நூலாக வெளியிட்டார். தமிழரான முத்து குமாரசுவாமியின் மகன் அந்தக் கொல்லர்களுக்குக் கொடுத்த மரியாதை எனக்கு எப்போதும் பெருமை. அவர் காட்டிய ஒன்றை நான் முழு மனதோடு நம்புகிறேன்: அழகும் பயனும் இரண்டு வேலைகள் அல்ல. டீனாவைச் செய்தவருக்கும் அது தெரிந்திருக்கிறது.

2018 மார்ச்சில் தெல்தெனிய, திகனப் பக்கம் முஸ்லிம் கடைகளும் வீடுகளும் எரிந்தன. 6ஆம் திகதி அவசரகாலச் சட்டம் வந்தது, மாவட்டத்தில் ஊரடங்கு. ஒரு வருடம் கழித்து, 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறுக் குண்டுகள். மே முதல் வார இறுதியில் வாள்களையும் பெரிய கத்திகளையும் ஒப்படைக்கும்படி பொலிஸ் அறிவித்தது. நாளாந்த வேலைக்கான கத்திகள் அதில் சேராது என்றும் சொன்னார்கள். ஆனால் வீடு வீடாகச் சோதனை நடக்கும் நாட்களில், தொலைக்காட்சியில் மேசைமேல் பரப்பிய கத்திகளைப் பார்த்த பிறகு, எது வேலைக் கத்தி என்று யார் யாருக்கு விளக்குவது? நானா விக்டோரினொக்ஸைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துவிட்டார். பெட்டிகளைச் சாவியால் கீறிப் பிரித்தார், முடிச்சைப் பல்லால் இழுத்தார். அறுபது வயது தாண்டிய மனிதர். "இத வெச்சிட்டு நான் ஆருக்கிட்ட போய் வெளக்கம் செல்ல மகன்?" என்றார். விரல் நீளம்கூட இல்லாத அலகு அது. இருபது வருடம் முன்பு அந்த வாங்கில் நான் உட்கார்ந்திருந்ததுபோல அன்றைக்கு அவர் தன் சொந்தக் கல்லாவில் உட்கார்ந்திருந்தார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. மாமா எனக்குச் சொன்னதை நானாவுக்குச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. என் மடிச் சோதனையில் என்ன ஆபத்து என்று எனக்குத் தெரியும். அவருடைய ஆபத்து அந்த மாதங்களில் வேறாக இருந்தது.

கொரோனா ஊரடங்குகளுக்கும் பிறகு ஒருநாள் அரிசிச் சாக்கின் முடிச்சில் அந்தத் திருகி மறுபடி ஏறியிருப்பதைக் கண்டேன். இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. அரிசி விலையைப் பற்றித்தான் பேசினோம்.

பக்கத்து வீட்டுத் தம்பியை மாற்றியது 2022. காஸ் இல்லை, பெற்றோல் இல்லை, அலுவலகம் வீட்டிலிருந்தே நடந்தது. எல்லோரும் வீட்டைச் சுற்றி எதையாவது நட்டார்கள். அவனும் என்னோடு தோட்டங்களுக்கு வரத் தொடங்கினான். முதலில் கத்தியைக் கொண்டுவரவில்லை. கடையில் வாங்கிய மெல்லிய ஒன்றால் மிளகுக் கொடி வெட்டும்போது அது பிடியோடு மடங்கி அவன் விரலைப் பதம் பார்த்தது. அடுத்த நாள் செபென்சா பையில் வந்தது. பொலித்தீன் நாடா, மிளகுத் தண்டு, மத்தியானம் மாங்காய், அடுப்புக்குச் சிராய் என எல்லாவற்றுக்கும் எடுத்தான். ஒருநாள் பலாக்காய் வெட்டி, மடிப்புக்குள் பால் புகுந்து பிசினாக ஒட்டிக்கொண்டது. முகம் வெளிறிவிட்டது அவனுக்கு. கத்தியோடு கழற்றும் சாவியும் வந்திருந்தது. திருகுகளை எடுத்துப் பிரித்து, தேங்காயெண்ணெயால் துடைத்து, மறுபடி பூட்டினான். அதன் பிறகு கீறலைப் பற்றி அவன் வாயிலிருந்து நான் கேட்டதில்லை. கேட்பவர்களுக்கு இப்போது அவன் சொல்வது வேறு: காலையில் தீட்டவேண்டியதில்லை, பூட்டு நம்பலாம், கால்சட்டைப் பையின் ஓரம் கிளிப் பட்டுக் கிழியும், விலை யாருக்கும் நியாயம் சொல்ல முடியாத விலை. எனக்கும் அந்தக் கடைசிப் பகுதியில் அவனோடு உடன்பாடுதான். அம்மாயிக்கு விலையைச் சொல்லிவிட்டான். அவர் கத்தியை வாங்கி, கவ்வாத்துக் கத்தி பிடித்த கையால் எடை பார்த்து, "நல்லாத்தான் இருக்கு, தொலைச்சிராத" என்றாராம்.

ஒட்டுக்கு மட்டும் அது ஆகவில்லை. இரு பக்கமும் சரிவு தீட்டிய அலகு சீவும்போது குச்சிக்குள் வளைந்து இறங்குகிறது, முகம் தட்டையாக வருவதில்லை. என் டீனாவைக் கொடுத்தேன். அதுவும் அவனுக்குச் சரிவரவில்லை, காரணம் பிடிபடக் கொஞ்ச நேரம் எடுத்தது. தம்பி இடது கைக்காரன். வலது கைக்காகத் தீட்டிய ஒற்றைச் சரிவு அவன் கையில் தலைகீழாக நிற்கிறது. மாமா எனக்குக் கொடுத்ததுபோல இதை அவனுக்குக் கொடுத்துவிடலாம் என்று நான் உள்ளுக்குள் முடிவு செய்திருந்தேன். அது நடக்காது.

இடது கைக்கென்றும் டீனா செய்கிறார்கள். ஸ்ருட்கார்ட்டில் இருக்கும் உறவினர் ஒருவர் டிசம்பரில் வருகிறார். அவரிடம் சொல்லியிருக்கிறோம், பாதிக் காசு என்னுடையது. சூட்கேஸில் வைத்துக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன், கைப்பையில் வைத்தால் விமான நிலையத்தில் எடுத்துவிடுவார்கள். அதுவரை தம்பி கிளிசெரியாக் குச்சிகளில் சீவிப் பழகுகிறான், சவர பிளேடால்.